அறுபதுக்கு நாற்பது

கன்றுக்குட்டிக்குத் தீனி போடத் தனக்குத் தெரியாது என்பதை அம்மாவாசை தன் ஐம்பத்து நாலாவது வயதில்தான் தெரிந்துகொண்டார். அதுவரை தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். கன்றும் அப்படித்தான் நினைத்திருந்தது.

வேலை பார்த்த பஞ்சாலையை மூடியபிறகு அவர் ரெட்டியார்பாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தண்ணீர் மோட்டார் போடும் வேலையில் சேர்ந்தார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நடுவில் மிச்சம் கிடந்த பகலுக்காக ஒரு கறவை மாடு வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினார். ஏழு வீடுகளுக்குப் பால் போயிற்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுக்கு மட்டும் தினம் ஒன்றரை லிட்டர். இப்போது மாட்டுக்கு வயதாகிவிட்டது. மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்துப்போக, மீதி மூன்றிலும் பால் குறைந்துகொண்டே வந்தது. அது கடைசியாகப் போட்ட கிடேரிக் கன்று செவலைக்கு ஏழு மாதம். செவலை வளர்ந்து, பருவத்துக்கு வந்து, சினை பிடித்தால்தான் அந்த ஏழு வீட்டுக்கும் பால் தொடரும். அம்மாவாசையும் அவர் மனைவி பார்வதியும் இதை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் செவலை தும்மினால் இரண்டு பேரும் எழுந்துபோய்ப் பார்ப்பார்கள்.

தீனி என்றால் வைக்கோல், காலி மனைகளில் அறுத்து வரும் புல், கொஞ்சம் தவிடு, ஒரு கை கடலைப் புண்ணாக்கு. எவ்வளவுக்கு எவ்வளவு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. காலையில் சாணியைப் பார்ப்பார். இளகலாக இருந்தால் வைக்கோலைக் கூட்டுவார். இறுகலாக இருந்தால் புல்லைக் கூட்டுவார். செவலை பளபளவென்று இருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் இளங்கன்று சமச்சீர்த் தீவன மையத்தின் வண்டி தெருவுக்குள் வந்தது. அதிலிருந்து நிலவன் என்ற அதிகாரி இறங்கினார். முப்பது வயதிருக்கும். கையில் டேப்லெட், தோளில் அளவு நாடா.

"கன்னுக்கு என்ன விகிதத்துல குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"காலையிலயும் சாயங்காலமும் சார்."

"வேளையைக் கேக்கல. விகிதம். வைக்கோல் எவ்வளவு, தானியம் எவ்வளவு?"

"கையால அள்ளித்தான் போடறேன் சார்."

விகிதம் இல்லை என்று நிலவன் பதிந்துகொண்டார். செவலையின் நெஞ்சையும் வயிற்றையும் நாடாவால் அளந்தார். செவலை அவருடைய சட்டைக் கையை நக்கியது. அதையும் எதற்கோ எதிரே குறித்துக்கொண்டார். டேப்லெட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சமச்சீரின்மை, இரண்டாம் நிலை' என்று காட்டியது.

"மொத்தம் எத்தினி நிலை சார்?"

"ரெண்டு."

நிலவன் விளக்கினார். இளங்கன்றுக்கு வைக்கோல் அறுபது பங்கு, தானியம் நாற்பது பங்கு. இது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. அடுத்த ஆண்டிலிருந்து சமச்சீர் அட்டை இல்லாத கிடேரிகளுக்குச் சினை ஊசி போடமாட்டார்கள். அட்டை வேண்டுமென்றால் கன்றைத் தொண்ணூறு நாள் மையத்தில் விடவேண்டும். உண்டு உறைவிடப் பயிற்சி.

"யாருக்கு சார் பயிற்சி?"

"கன்னுக்குத்தான்."

அவர் போனபிறகு பார்வதி கேட்டாள்: "திங்கறதுக்கு இன்னாய்யா பயிற்சி?"

"படிச்சவங்க சொல்றாங்க."

"நீ போடறத தின்னுட்டு நல்லாத்தான இருக்குது?"

"ஊசி போடலன்னா?"

புதன்கிழமை காலையில் செவலையை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றித் தட்டாஞ்சாவடிக்குக் கொண்டுபோனார்கள்.

மூடிப்போன சோப்புக் கம்பெனி ஒன்றின் கொட்டகைதான் மையம். உள்ளே நுழைந்ததும் இரண்டு கதவுகள். ஒன்றில் 'உலர்தீவனப் பிரிவு' என்று எழுதியிருந்தது. நிலவன் அதற்குத் தலைவர். இன்னொன்றில் 'அடர்தீவனப் பிரிவு' என்றிருந்தது. வைக்கோலுக்கு ஓர் அலுவலகம், தானியத்துக்கு ஓர் அலுவலகம். இரண்டுக்கும் தனித்தனி முத்திரை, தனித்தனிக் குடிதண்ணீர்ப் பானை. இரண்டும் சேரும் இடம் கன்றின் வயிறு ஒன்றுதான். அதற்கு அலுவலகம் கிடையாது.

சேர்க்கைப் படிவம் இருபத்தாறு பக்கம். கன்றின் தாய் ஈனுவதற்கு முந்தின வாரம் தின்ற தானியம் என்ன, கன்று தனியாகச் சாப்பிட விரும்புமா, கூட்டாகச் சாப்பிட விரும்புமா என்றெல்லாம் கேட்டார்கள். 'உணவின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"வயிறு நெறயணும் சார்" என்றார் அம்மாவாசை.

எழுத்தர் சற்று யோசித்து, 'நோக்கம் தெளிவில்லை' என்று எழுதினார்.

அன்று பதினோரு கன்றுகள் சேர்ந்தன. இயக்குநர் டாக்டர் சுப்பிரமணியன் வரவேற்றுப் பேசினார். டென்மார்க்கில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டையில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டாத மனிதர்.

"நம்ம ஊர்ல கன்னுக்குட்டிக்குப் பசிச்சா தீனி போடறோம்" என்றார். "இது பெரிய தவறு. பசிங்கறது கன்னோட தனிப்பட்ட அபிப்பிராயம். விகிதங்கறது விஞ்ஞானம். நான் இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு கன்னைக்கூட கையால தொட்டதில்ல. தொட்டா பாசம் வந்துடும். பாசம் வந்தா விகிதம் போயிடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவாசையும் தட்டினார். செவலையின் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டவேண்டியிருந்தது.

கன்றுகளைப் பார்க்கப் புதன்கிழமை மூன்று மணி முதல் நாலு மணிவரை அனுமதி. அடுத்த புதன் போனபோது செவலை படுத்திருந்தது. முன்னால் சிமெண்டுத் தொட்டி நிறைய மக்காச்சோள மாவு. வைக்கோல் ஒரு துரும்புகூட இல்லை. கொட்டகை முழுக்கப் புளித்த வாடை. தீனி போடுகிறவர் ஸாகிப் என்ற தினக்கூலி. அம்மாவாசையின் வயதுதான். முன்பு குருசுக்குப்பத்தில் மீன் ஏலத்துக்கு ஐஸ் சுமந்தவர்.

"இன்னா பாய், வெறும் மாவா கெடக்குது?"

"வைக்கோல் வரல அண்ணே. மாவு வந்துடுச்சு. வந்தத போடுன்றாங்க."

"வெறும் மாவு தின்னா வயித்துல புளிச்சுப் போயிடுமே."

"எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுது. நம்ம ரெண்டு பேருக்கும் இங்க கையெழுத்து இல்ல" என்றார் ஸாகிப். செவலையின் பின்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சாணி தண்ணீராகப் போயிருந்தது.

அம்மாவாசை உலர்தீவனப் பிரிவுக்குப் போனார். மேசை, நாற்காலி, கணினி, சுவரில் வைக்கோல் போரின் வண்ணப் படம் எல்லாம் இருந்தன. நிலவன் எழுந்து நின்று மரியாதையாகவே பேசினார்.

"டெண்டர்ல ஒரு சிக்கல். 'வைக்கோள்'னு அடிச்சுட்டாங்க. பெரிய ளகரம். வைக்கோள்னு ஒரு பொருள் உலகத்துலயே கெடையாது. இல்லாத பொருளை வாங்கினா தணிக்கையில மாட்டிப்போம். திருத்தம் கேட்டு எழுதியிருக்கோம்."

"எங்கூட்டுல நாலு கட்டு கெடக்குது சார். இன்னிக்கே கொண்டாந்து போடறேன்."

"உங்களது சாதா லகரம். எங்க ஆர்டர் ளகரம். எப்படி வரவு வைக்கறது?"

"அதுவரைக்கும் அந்த மாவையாவது கொறைக்கச் சொல்லுங்க சார்."

"அது அடர்தீவனப் பிரிவு. அவங்க அவங்களோட நாற்பதைச் சரியாப் போட்டுகிட்டு இருக்காங்க. எங்க அறுபதுதான் பாக்கி. அவங்க வேலையில நான் எப்படித் தலையிடறது?"

மூன்றாம் வாரம் ஒரு கறுப்புக் கன்று செத்தது. வாயில் நுரை தள்ளி, வயிறு உப்பி, கால்களை நீட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரி வந்து வாசலில் உட்கார்ந்தாள். அழவில்லை. தலைக்கயிறையாவது கொடுங்கள் என்று கேட்டாள். கயிறு மையத்தின் சொத்து என்றார்கள்.

நாலாவது புதன் அம்மாவாசை ஒரு கோணிப்பையில் புல்லை அறுத்து, மேலே பழைய துணியைப் போட்டு மறைத்து எடுத்துக்கொண்டு போனார். ஐம்பத்து நாலு வயதில், சொந்தக் கன்றுக்குப் புல் கடத்துகிறோம் என்று நினைக்கையில் அவருக்கே கூச்சமாக இருந்தது. ஸாகிப் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். செவலை புல்லைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது. முன்குளம்பில் வலி போலிருக்கிறது, முட்டியிட்டபடியே தின்றது. நாலு வாய் தின்பதற்குள் காவலாளி வந்துவிட்டான்.

மறுநாள் விசாரணை. இயக்குநர் நடுவில், இரண்டு பிரிவுத் தலைவர்களும் இரண்டு பக்கத்தில். மேசை மேல் கோணிப்பை.

"இது வைக்கோலா?" என்று இயக்குநர் கேட்டார்.

"புல்லு சார்."

நிலவன் கோப்பைப் புரட்டினார். "சார், நம்ம படிவத்துல உலர்தீவனம்னு ஒரு கட்டம், அடர்தீவனம்னு ஒரு கட்டம். பசும்புல்லுக்குக் கட்டம் இல்ல."

அறையில் ஒரு கவலை பரவியது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டம் இல்லாத பொருளைக் கன்னு தின்னிருக்க முடியாது" என்றார். "ஆகையினால தின்னல. அம்மாவாசை, நீங்க புல் கொண்டு வரலன்னு எழுதிக் குடுத்துடுங்க."

அம்மாவாசை எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் அடர்தீவனப் பிரிவின் தலைவர் கேட்டார்: "புல்லே கொண்டு வரலன்னா, கோணிப்பையோட உள்ள எதுக்கு வந்தீங்க?"

காரணமில்லாமல் காலிப் பையுடன் நுழைந்த குற்றத்துக்காக அவருக்கு இரண்டு புதன்கிழமை அனுமதி ரத்தாயிற்று.

அந்த நாட்களில் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்தார். மாடியில் தொட்டி நிறைந்து வழிந்து, மூன்றாம் மாடிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். கன்று இல்லாத கொட்டகையில் மாடு சரியாகச் சுரக்கவில்லை. பார்வதி பாலோடு தண்ணீர் சேர்க்கலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, தானே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் திருத்தம் கிடைத்து, ஒரு லாரி வைக்கோல் வந்தது. ஸாகிப் போனில் சொன்னார். அம்மாவாசை அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் தடை முடிந்து ஏழாவது வாரம் போய்ப் பார்த்தால், வைக்கோல் வாசலிலேயே கிடந்திருக்கிறது. ஐப்பசி மழையில் ஊறி, கறுத்து, பூஞ்சை பிடித்து வாடை அடித்தது. கன்றுகளில் நாலு குறைந்திருந்தன. மீதி ஏழுக்கும் இப்போது அந்த வைக்கோல்தான். மாவுத் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

"வைக்கோல் வந்த அன்னிக்கே ரெண்டையும் கலந்து போட்டிருக்கலாமே பாய்."

"போடப் போனேன் அண்ணே. கையைப் புடிச்சு நிறுத்திட்டாங்க. ஏதோ கணக்குன்னாங்க. ஒரு வாரம் மழையில கெடந்துச்சு."

என்ன கணக்கு என்று கேட்க அம்மாவாசை இயக்குநரின் அறைக்கே போனார். இயக்குநர் கோபப்படவில்லை. இப்படிக் கேட்கிற ஒருவருக்காகவே காத்திருந்தவர் போல வெள்ளைப் பலகையின் பக்கம் போனார்.

"தொண்ணூறு நாள். அதுல நாற்பது சதவீதம் எவ்வளவு? முப்பத்தாறு. அறுபது சதவீதம்? ஐம்பத்து நாலு. முப்பத்தாறு நாள் தானியம், ஐம்பத்து நாலு நாள் வைக்கோல். தொண்ணூறாம் நாள் முடிவுல உங்க கன்னு அறுபதுக்கு நாற்பது தின்னிருக்கும். ஒரு கிராம் பிசகாது. இருபத்தொன்பதாம் நாள்ல கலந்திருந்தா கணக்கே நாறிப் போயிருக்கும்."

"கன்னு அன்னன்னிக்கு இல்ல சார் திங்குது?"

"அது கன்னோட பார்வை. நாங்க சராசரியைப் பாக்கறோம். இதே மாசத்துல நீங்க பதினஞ்சு நாள் வெறும் சோறு, அப்புறம் பதினஞ்சு நாள் வெறும் கொழம்பு சாப்பிட்டா, மாசக் கடைசியில சோறும் கொழம்பும் சாப்பிட்டதா ஆகாதா?"

"நீங்க அப்படிச் சாப்பிடுவீங்களா சார்?"

"நான் எதுக்கு? நான் பயிற்சியில இல்லையே."

அம்மாவாசை கன்றை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். அட்டையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்றார். இயக்குநர் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

"இப்ப உங்க கன்னு முழுக்கத் தானியத்துல நிக்குது. வைக்கோல் பக்கம் இன்னும் நெறயல. இந்த நிலையில வெளிய விட்டா, சமச்சீர் இல்லாத ஒரு கன்னை ஊருக்குள்ள விட்ட பழி எங்க மேல வரும். மனசாட்சி இடம் குடுக்குமா?"

தை மாதம் தொண்ணூறு நாள் முடிந்தது. கடற்கரைச் சாலைக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நிறைவு விழா வைத்தார்கள். தரை வழுக்கும் என்பதால் கன்றுகளுக்கு அனுமதி இல்லை. பதினோரு கன்றுகளையும் சேர்க்கையின்போது எடுத்த படங்களைப் பெரிதாக்கி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். படத்தில் செவலை பளபளவென்று இருந்தது. யாருடைய சட்டைக் கையையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றினார். கன்றுகளுக்கு வைக்கோல் ஊட்டுவது போல் கையை நீட்டி, படங்களின் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். பிறகு இயக்குநர் அறிக்கை வாசித்தார்.

"சேர்ந்த கன்னு பதினொண்ணு. பதினொண்ணும் சமச்சீர் அடைஞ்சிருக்கு. இடையில அஞ்சு கன்னு இயற்கை எய்தினது உண்மை. அதுங்களும் விட்டுப் போகல. இறந்த நாள்லேர்ந்து அதுங்களுக்கு வைக்கோலும் பூஜ்யம், தானியமும் பூஜ்யம். ரெண்டும் சமம். சொல்லப்போனா, உயிரோட இருக்கற கன்னுங்களை விட அதுங்க சமச்சீர்ல ஒரு படி மேல. பெருமையோட சொல்றேன், சமச்சீர் இல்லாம ஒரு கன்னுகூட இங்க சாகல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கறுப்புக் கன்றின் சொந்தக்காரிக்கும் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கும் வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அம்மாவாசைதான் எழுந்துபோய்ப் படியைக் காட்டினார்.

மறுநாள் செவலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பத்து மாதக் கன்று. ஏழு மாதத்தில் இருந்ததைவிடச் சிறுத்துத் தெரிந்தது. வயிறு மட்டும் பானை. விலா எலும்பை எண்ணலாம். மயிர் சொரசொரவென்று குத்திட்டு நின்றது. வண்டியிலிருந்து இறக்கும்போது பார்வதி, "இது நம்ம கன்னுதானா, பார்த்து வாங்கினியா?" என்று கேட்டாள். அப்புறம் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, நம்முடையதுதான் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரம் பார்த்தும் தேறவில்லை. அம்மாவாசை கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ரூமானா என்ற டாக்டரம்மா இருந்தார். கீழே உட்கார்ந்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார். எழுந்துபோய்க் கணினியில் கன்றின் எண்ணை அடித்தார்.

"மருந்து எழுத முடியலங்க" என்றார்.

"ஏன் டாக்டரம்மா?"

"தீவனக் கோளாறுன்னு போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. சமச்சீர் அட்டை வாங்கின கன்னுக்குத் தீவனக் கோளாறு வராதுன்னு சிஸ்டத்துல இருக்குது. அட்டையை ரத்து பண்ணாதான் மருந்து."

"ரத்து பண்ணிடுங்க."

"நான் பண்ண முடியாது. மையத்துலதான் பண்ணணும். அதுக்கு மறுபரிசோதனை. தொண்ணூறு நாள் அங்க விடணும்."

பிறகு ரூமானா தன் சொந்தப் பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். தாது உப்பு. நல்ல வைக்கோலாகப் பார்த்து நறுக்கிப் போடுங்கள், தவிடு ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து வாரத்துக்கு ஒரு கை கூட்டுங்கள், சாணியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவாசை தலையாட்டினார்.

"பருவத்துக்கு வருமா டாக்டரம்மா?"

ரூமானா கன்றின் முதுகைத் தடவினார். "வளர வேண்டிய மாசமெல்லாம் போயிடுச்சுங்க" என்றார். "உசுரோட இருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியல. ஊசி வேணும்னா போடலாம், அட்டை இருக்குதே. போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

பங்குனியில் மாட்டின் பால் நின்றது. அம்மாவாசை ஏழு வீட்டுக்கும் தானே போய்ச் சொன்னார். நாளையிலிருந்து வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஐந்து வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் பாக்கெட் பால்தான் சுத்தம் என்றார்கள். சொல்தா வீட்டம்மா மட்டும் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்து, கன்று என்ன ஆயிற்று என்று கேட்டாள். பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறது என்றார். அதற்கு மேல் சொன்னால் அவருக்கே நம்பும்படியாக இல்லை.

அடுத்த வாரம் மாட்டை விற்றார். வில்லியனூரிலிருந்து வந்த ஆள், கன்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது வேண்டாம் என்றான். சும்மா கொடுத்தாலும் ஏற்றிப்போகிற கூலிக்குக் காணாது என்றான்.

கொட்டகையில் செவலை மட்டும் நின்றது. பார்வதி வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலும் கெடையாது. வளரவும் வளராது. யாரும் வாங்கவும் மாட்டேன்றாங்க. இத வச்சுகிட்டு இன்னாய்யா பண்ணப் போற?"

அம்மாவாசை அரிவாளை எடுத்துக்கொண்டிருந்தார். சாயங்கால மோட்டாருக்கு இன்னும் நேரமிருந்தது. செவலை அடிவயிற்றிலிருந்து ஒருமுறை கத்தியது.

"பசிக்குதுன்னு கத்துது, கேக்கலியா உனக்கு" என்றார். "போய்ப் புல்லு அறுத்துட்டு வந்துடறேன்."